ஆறு மாதம் ஊரில், ஆறு மாதம் கொழும்பிலா?

வணக்கம் அம்மா,

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். எனக்கு 62 வயது. அவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்து போன வருஷம்தான் ஓய்வெடுத்தார். இப்போது ஒரே பிடியாக நிற்கிறார். பங்குனி பிறந்ததும் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் வீட்டுக்குப் போய், நல்லூர்த் திருவிழா முடியும்வரை இருந்துவிட்டு, மாரிக்குக் கொழும்புக்குத் திரும்புவோமாம். வருஷா வருஷம் இப்படியே.

சித்திரை வெக்கையில் அங்கே மனிதர் இருக்க முடியுமா? சொன்னால் ஏசி பூட்டலாம் என்கிறார். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும். வளவு கூட்ட ஆள் இல்லை. எனக்குப் பிரஷர், பார்க்கிற டொக்டர் இங்கே. மாரிக்கு இங்கே வருவோம் என்கிறாரே, ஐப்பசியில் கொழும்பில் மட்டும் வெயிலா அடிக்கிறது? ரொறன்ரோவில் இருக்கும் மகளும் அப்பா பக்கம்தான். இங்கே என்றால் சந்தை, கோயில் எல்லாம் கிட்ட. பின்னேரம் பக்கத்து வீட்டு அக்காவோடு கடற்கரைக்கு நடக்கலாம், அவரோடு ஒரே மேசையில் இருந்து என்ன கதைக்கிறது என்று யோசிக்கத் தேவையில்லை. அப்புறம் அந்தக் கிணற்று மோட்டர் வேறு அடிக்கடி நின்றுவிடும். வெக்கையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய?

அன்புள்ள சகோதரி,

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணீர் அப்படித்தான் இருக்கும். ஐப்பசி மழை பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் அக்காவுக்கும் மோட்டருக்கும் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அவரோடு என்ன கதைக்கிறது என்று, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் பயம் வெக்கைக்கு இல்லை.

லீவில் வருகிற கணவர் விருந்தாளி மாதிரி. பிடித்ததைச் சமைத்துக் கொடுத்து, ஊர்ப் புதினம் சொல்லி முடிப்பதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும். இப்போது அந்த நாள் இல்லை. கலியாணம் கட்டி இத்தனை காலத்துக்குப் பிறகு, நீங்கள் இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கியது போன வருஷம்தான். கூச்சமும் பயமும் வரத்தான் செய்யும். பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஒன்று சொல்வேன், கோபிக்க வேண்டாம். பிள்ளையின் படிப்பு, பாங்க் அலுவல், வருத்தம் துன்பம் எல்லாவற்றையும் தனியாகச் சுமந்து வெள்ளவத்தை வீட்டை நடத்தியிருக்கிறீர்கள். அது முழுக்க உங்கள் வீடு. அங்கே அவருக்கு ஒரு கதிரை இருக்கும், செய்ய ஒரு வேலை இருக்குமா? அவர் ஏன் ஊருக்குப் போக ஆசைப்படுகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. கேட்டுப் பார்த்தீர்களா? நின்றுபோகும் மோட்டர் உங்களுக்குக் குறை. காலமெல்லாம் எஞ்சினோடு வாழ்ந்த மனிதருக்கு அது வேறாகத் தெரியலாம். என் ஊகம்தான், பதில் அவரிடம் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு இப்போதே தலையாட்ட வேண்டாம். தை நடுவில், மழை ஓய்ந்து வெக்கை தொடங்குமுன், டொக்டரைக் கேட்டுக் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் போய் இருங்கள். முதல் தடவையே நல்லூர்த் திருவிழாவுக்குப் போகாதீர்கள். அந்த 25 நாளும் வீடு நிறையச் சொந்தக்காரர் வருவார்கள், நீங்கள் குசினிக்குள்ளேயே ஒளிந்துகொள்வீர்கள்.

அதற்கு முன்னால், இந்தக் கிழமை கடற்கரைக்கு நடக்க அவரையும் கூப்பிடுங்கள். அக்கா ஒன்றும் நினைக்க மாட்டா. கதைக்க எதுவும் வராவிட்டால் சும்மா நடவுங்கள். வந்தால், கோண்டாவில் வீட்டில் அவருக்கு அப்படி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இடையில் குறுக்கிடாமல் முழுக்கக் கேளுங்கள்.