மலையடிவாரத்தில் வீடு பார்க்கும் தம்பிக்கு

டிசம்பரில் மனைவி, நாலு வயது மகளோடு மெல்போர்ன் வருவதாகவும், பெல்கிரேவ் பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. பள்ளிக்கூடம், மளிகை, லைசென்ஸ், குளிர் என்று நிறையக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: "புஷ்ஃபயர், அதாவது காட்டுத்தீ, வரும் என்று பயமுறுத்துகிறார்கள். அதுதான் சாட்டிலைட், ட்ரோன், ஏஐ எல்லாம் வந்துவிட்டதே, இன்னமும் பயப்பட வேண்டுமா?"

மளிகை டாண்டினாங்கில் கருவேப்பிலை முதல் எல்லாம் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கும் லைசென்ஸுக்கும் பதில் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். குளிர் பழகிவிடும். நான் உட்கார்ந்து எழுதுவது அந்தக் கடைசி வரிக்காக மட்டும்தான்.

நான் 2009 ஜனவரி கடைசியில் இங்கே வந்து இறங்கினேன். வந்த வாரமே தொடர்ந்து மூன்று நாள் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. ரயில் தண்டவாளம் நெளிந்தது, நகரத்தில் பல பகுதிகளுக்கு மின்சாரம் போனது. மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம், ஒரு ஃபேன்கூடக் கிடையாது. அடுத்த சனிக்கிழமை, பிப்ரவரி 7, இன்னும் மோசமாக இருக்கும் என்றார்கள். நண்பன் ஒருவன் பழைய கார் வாங்கியிருந்தான். "யாரா ஆத்துக்குப் போய்க் குளிச்சிட்டு வரலாம்" என்றான். எனக்குச் சொந்த ஊர் போடி. வெயில் என்றால் கும்பக்கரை அருவிக்குக் கிளம்பிப் பழகியவன். உடனே சரி என்றேன்.

மாநில முதல்வர் ஜான் பிரம்பி முந்தைய நாளே, நாளை இந்த மாநில வரலாற்றிலேயே மிக மோசமான நாளாக இருக்கும் என்று எச்சரித்திருந்தார். அது ரேடியோவில் வந்தது, டிவியில் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஊர்ச் செய்தி.

நைலான் டீஷர்ட், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. காரில் பெட்ரோல் கால் டேங்க். குடிக்கக் கையில் இரண்டு பாட்டில் கோக். மெல்போர்னில் 46.4 டிகிரி பதிவான நேரத்தில் நாங்கள் யாரா கிளென் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். வடமேற்கில் மேகம் மாதிரி ஒன்று எழுந்து நின்றது. மழை வரும் போல என்று நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மஞ்சளாகிப் பழுப்பானது. காரின் கண்ணாடியில் கறுப்பாக ஏதோ வந்து விழுந்தது, பார்த்தால் கருகிய மரப்பட்டை. கை நீளம் இருக்கும், ஓரத்தில் இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

எதிரே குதிரை ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு ட்ரக் வந்து நின்றது. அறுபது வயது அம்மா ஒருவர் இறங்கி வந்து எங்கள் கார் முகப்பில் ஓங்கித் தட்டினார். அந்த வெயிலில் முழுக்கை கம்பளிச் சட்டை, கனமான பூட்ஸ். அவர் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. கை காட்டிய திசை புரிந்தது. திரும்பினோம். அன்று 173 பேர் இறந்தார்கள். 2,000 வீடுகளுக்கு மேல் போயின. நாங்கள் போய்க்கொண்டிருந்த சாலைக்குப் பக்கத்தில் ஸ்டீல்ஸ் கிரீக் என்ற சின்ன ஊரில் மட்டும் 10 பேர்.

அந்த நாளுக்குப் பிறகுதான் இந்த நெருப்பு எப்படி வேலை செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். நீங்களும் ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: இங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று திரும்பும் நேரம். கோடையில் பாலைவனப் பக்கமிருந்து வடமேற்குக் காற்று அனலாக அடிக்கும். நெருப்பு தென்கிழக்கே நாக்கு மாதிரி நீளமாக, ஒடுக்கமாக ஓடும். அது வரை அதன் தலைதான், அதாவது முன்முனைதான், பெரிய ஆபத்து. சாயங்காலம் தென்மேற்குக் குளிர்காற்று வரும். வெப்பம் சட்டென்று இருபது டிகிரி குறைந்ததும் ஜனங்கள் அப்பாடா என்பார்கள். அதே நொடியில் பல மைல் நீளத்துக்குக் கிடந்த பக்கவாட்டு முழுவதும் தலையாகி முன்னேறத் தொடங்கும். கிங்லேக் மலையூர் அப்படித்தான் எரிந்தது. 1983-இல் 'ஆஷ் வெட்னஸ்டே' என்று பெயர் வாங்கிய பெருந்தீ நாளன்று, நீங்கள் பார்த்திருக்கும் வீட்டுக்குத் தெற்கே அதிக தூரமில்லாத அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் 12 தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இறந்ததும் காற்று திரும்பியதால்தான். அன்றைக்கே காக்கட்டூ என்ற ஊரில் பெண்களும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 300 பேர் ஒரு பாலர் பள்ளிக்குள் அடைந்துகிடந்து உயிர் தப்பினார்கள். பெல்கிரேவிலிருந்து காரில் சீக்கிரமே போய்விடலாம். மகளை ஒருநாள் கூட்டிப்போங்கள், அந்தக் கட்டடம் நினைவிடமாக இருக்கிறது.

சரிவும் காற்றுக்குக் கூட்டாளி. நிலம் பத்து டிகிரி ஏற ஏற நெருப்பின் வேகம் இரட்டிக்கும். வீட்டிலிருந்து பள்ளத்தாக்கு அழகாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வீட்டைப் பார்த்துத்தான் அது ஏறி வரும். எங்களுக்கு முதல் வீடு காட்டிய ஏஜெண்ட், இங்கே இருபது வருஷமாகத் தீயே வந்ததில்லை என்றார். இருபது வருஷமாக எரியாத காடு என்றால் இருபது வருஷச் சருகும் பட்டையும் அங்கேயே கிடக்கிறது என்று அர்த்தம். யூகலிப்டஸ் பட்டை தீப்பிடித்தபடியே பறக்கும். 2009-இல் அது முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் போய்ப் புதுத்தீ மூட்டியது. பெரும்பாலான வீடுகளை எரிப்பதும் பெரிய ஜுவாலை கிடையாது. கூரையோர மழைநீர்க் கட்டரில் கிடக்கும் சருகிலும், வாசல் கால்மிதியிலும், ஓட்டு இடுக்கிலும் வந்து விழும் இந்தப் பொறிதான்.

இனி தொழில்நுட்பம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஹிமாவரி சாட்டிலைட் பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் தருகிறது. ஆனால் அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது இரண்டு கிலோமீட்டர் அகலம். உங்கள் தெருமுனையில் மரத்தடியில் புகையும் தீ அதில் தெரியாது. அதனால்தான் இன்னமும் கோடையில் மலையுச்சிக் கோபுரங்களில் ஆட்கள் பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நெருப்பு எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்கிட மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபீனிக்ஸ், அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் ஸ்பார்க் என்று மென்பொருள்கள் உருவாக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை செய்கின்றன. தண்ணீர் கொட்டும் ஹெலிகாப்டர்களில் பெரியது ஒரே தடவையில் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் கொட்டும். ஆனால் அது தீயின் வேகத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். அணைப்பது தரையில் நிற்கிற ஆள். காற்று மிஞ்சிய நாளில், அதாவது நமக்கு அது மிகவும் வேண்டிய நாளில், பறக்கவே முடியாமல் போகலாம்.

என் மனதுக்குப் பிடித்த கருவி யாரும் பேசாத ஒன்று. 2009-இல் அதிக உயிர்களைப் பறித்த கில்மோர் ஈஸ்ட் தீ ஒரு மின்கம்பி அறுந்ததில் தொடங்கியது. ராயல் கமிஷன் விசாரணைக்குப் பிறகு, காட்டுப் பகுதிகளுக்கு மின்சாரம் அனுப்பும் துணைமின் நிலையங்களில் ஒரு கருவி வைத்தார்கள். கம்பி அறுந்து தரையைத் தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்னோட்டத்தைப் பொறி பறக்காத அளவுக்கு இறக்கிவிடும். படம் எடுத்துப் போட அதில் ஒன்றுமில்லை. பற்றாமலே போன தீயைவிட நல்ல தீ வேறென்ன இருக்கிறது?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தீ எச்சரிக்கை தரும் அரசின் விக்எமர்ஜென்சி ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 2019–20 கோடையில் மின்சாரம் போய் செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. பேட்டரி ரேடியோ ஒன்று வாங்கி ஏபிசி 774-இல் வைத்திருங்கள். தீ அபாய அளவு நான்கு படி: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேடஸ்ட்ராஃபிக். நாலாவது அறிவித்தால் முந்தைய இரவே, மிஞ்சிப்போனால் விடிகாலையிலேயே மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். புகையைப் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. தாமதமாகக் கிளம்பும் கார்தான் சாலையில் மாட்டும். மலையில் இறங்குவதற்கு இருக்கிற பாதைகள் குறைவு, மரம் ஒன்று விழுந்தால் முடிந்தது. எங்கள் வீட்டில் நவம்பர் முதல் ஒரு பெட்டி கதவருகில் தயாராக இருக்கும். பாஸ்போர்ட், மருந்து, தண்ணீர், ஆளுக்கொரு பருத்தி முழுக்கைச் சட்டை, கம்பளிப் போர்வை. நைலான், பாலியஸ்டர் கூடாது, அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. போன வருஷம் அப்படி மூன்று முறை இறங்கிப் போனோம், மூன்று முறையும் தீ வரவில்லை. மாமியார், "சும்மாதானே வந்தோம்?" என்றார்கள். ஆமாம், அடுத்த முறையும் சும்மாதான் போவோம் என்றேன்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தீராத மனவருத்தம் இது. வீட்டு விலை எவ்வளவு ஏறியது என்று மாதாமாதம் கணக்கு வைத்திருப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்து வருஷம் இருக்கிறார்கள். தீ வரும் நாளில் உங்கள் கதவைத் தட்டப் போவது அந்த மனிதர்தான். இரண்டாவது, பொங்கல். தை பிறப்பது ஜனவரி நடுவில், இங்கே தீக்காலத்தின் உச்சி. டோட்டல் ஃபயர் பேன் அறிவித்த நாளில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை திறந்த வெளியில் விறகு, கரி எதுவும் பற்ற வைக்கக் கூடாது. மீறினால் அபராதம், சிறைகூட உண்டு. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வருஷம் மூன்று கல் வைத்து, காய்ந்த புல்லுக்கு நடுவே, நாற்பது டிகிரியில் பொங்கல் வைத்தார்கள். நான் போய்ச் சொன்னபோது, "சாமி காரியத்துக்குமா சட்டம்?" என்று கோபித்தார்கள். அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை பேச்சு இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் மறுபடி பார்த்தால் மறுபடி சொல்வேன். பால் பொங்குவது கேஸ் அடுப்பிலும் அதே அழகுதான், எங்கள் வீட்டில் அப்படித்தான் பொங்குகிறது.

இந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழும் பூர்வகுடிகள் குளிர்ந்த பருவத்தில் சின்னச் சின்னத் தீயாக வைத்துக் காட்டைப் பராமரித்தார்கள். தரையோடு தவழும் தீ, மர உச்சியைத் தொடாது. இப்போது அவர்களிடமே மறுபடி கேட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நான் 2012-இல் இங்குள்ள நாட்டுப்புறத் தீயணைப்புப் படையான சிஎஃப்ஏவில் சேர்ந்தேன். ஏறக்குறைய 1,200 கிளைகள், பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஊரில் சொன்னால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். சம்பளம் கிடையாது. பிளம்பர், ஆசிரியை, பால் பண்ணைக்காரர், நான். பயிற்சியில் முதலில் கையில் கொடுத்தது ஒரு பக்கம் வாரியும் மறுபக்கம் மண்வெட்டியுமாக இருக்கும் கருவி. புல்லையும் சருகையும் சீவி, வெறும் மண் தெரியும்படி கோடு இழுக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் மாசி, பங்குனி மாதங்களில் போடி மலையில் ராத்திரி தீ வரிசையாக ஊர்வதை மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பார்ப்போம், மலைக்கு மாலை போட்ட மாதிரி இருக்கும். மேலே போன ஆட்கள் இதையேதான் செய்தார்கள், மண்வெட்டியால் கோடு கிழித்து, பச்சைக் குழையால் அடித்து. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சரிவில் தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தபோது, அம்மா போனில் அந்த மலையைப் பார்த்தபடியே என்னோடு பேசினார். அன்றைக்கு அந்தச் சரிவும் காய்ந்த புல்லும் என் கண்ணுக்கு முன்னால் நின்றன, ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் கிளையில் ஒரு பழைய கேப்டன் உண்டு. 1998-இல் லிண்டன் என்ற ஊரில் காற்று திரும்பி ஒரே வண்டியில் ஐந்து தன்னார்வலர்கள் இறந்ததைச் சொல்லாமல் எந்தப் பயிற்சியையும் தொடங்க மாட்டார். வண்டித் தொட்டியில் தண்ணீரை முழுக்கக் காலி செய்யக் கூடாது, நம்மைக் காப்பாற்ற எப்போதும் கொஞ்சம் மிச்சம் வேண்டும் என்ற விதியை அவரிடம்தான் கற்றேன். ஒரு கால் எப்போதும் கருப்பில் இருக்கட்டும் என்பார். எரிந்து முடிந்த நிலத்தைத்தான் கருப்பு என்பது, அது மறுபடி எரியாது. தீ அணைந்த பிறகு ராத்திரி முழுக்க அடிமரங்களுக்குப் பக்கத்தில் குனிந்து, கையுறையைக் கழற்றிப் புறங்கையை மண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். ட்ரோனில் வெப்பக் கேமரா வந்த பிறகும் அதை விடவில்லை. கேமரா காட்டாத ஒரு வேரை அவர் கை கண்டுபிடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வீட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, தம்பி. நானும் மலையடிவாரத்தில்தான் இருக்கிறேன், வேறெங்கும் போக எனக்கு மனமில்லை. வந்து சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கிளைக்கு வாருங்கள், வண்டி கழுவிக்கொண்டிருப்போம். மகளை முன் சீட்டில் உட்கார வைத்து சைரன் அடிக்க விடுகிறேன். அதன் பிறகு உங்கள் வீட்டைச் சுற்றி நடந்து கட்டர், வேலி, இறங்கும் பாதை எல்லாம் பார்த்துவிடலாம். ரப்பர் செருப்பில் வர வேண்டாம். ஷூ போட்டு வாருங்கள்.