மலையில் தீ எரிந்தது, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கேள்வி: களக்காடு பக்கம் எங்கள் ஊர். பங்குனிக் கடைசியில் மேற்கே மலைச்சரிவில் இரண்டு ராத்திரி தீ எரிந்தது. காலையில் மொட்டை மாடியெல்லாம் கரித்தூள். அந்த மலைத் தண்ணீர்தான் அணையில் சேர்ந்து, கால்வாய் வழியாக எங்கள் குளத்துக்கு வருகிறது. குளத்தை ஒட்டிய கிணற்றில்தான் குடிக்க எடுக்கிறோம். வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. தண்ணீர் விஷமாகியிருக்குமா? மாடு குடிக்கலாமா? வாழைக்குப் பாய்ச்சலாமா?

பதில்: மாடியில் கிடந்த கரித்தூளை நினைத்துப் பயப்பட வேண்டாம். புல்லும் சருகும் எரிந்த சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் மாதிரிதான்: சுண்ணாம்புச் சத்து, பொட்டாஷ், கொஞ்சம் கரி. காற்றில் பறந்து வந்து விழும் அளவு ஒரு குளத்தைக் கெடுக்காது. வீடும் பிளாஸ்டிக் குழாயும் எரிந்தால் கதை வேறு. 2018-இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தபோது குடிநீர்க் குழாய்களிலேயே பென்சீன் கலந்தது. உங்கள் மலையில் எரிந்தது காடு மட்டும். நம் காடுகளில் தீயைப் பெரும்பாலும் பச்சைத் தழையால் அடித்துத்தான் அணைக்கிறார்கள், அதனால் தீயணைப்பு ரசாயனம் பற்றியும் கவலை வேண்டாம்.

நீங்கள் காத்திருந்து கவனிக்க வேண்டியது, எரிந்த சரிவில் விழப்போகும் முதல் பெருமழையை.

மழைத்துளி மண்ணில் நேராக அடிக்காமல் தாங்கிக்கொள்வது புல்லும் சருகும்தான். அது போய்விட்டால் மண் வெறுமையாகக் கிடக்கும். அதோடு, சருகில் இருக்கும் மெழுகுப் பொருள் சூட்டில் ஆவியாகி, சற்றுக் கீழே உள்ள குளிர்ந்த மண்ணில் படிந்துவிடும். மண் ஏறக்குறைய 175 முதல் 200 டிகிரி வரை சூடானால் இது நடக்கும். 280 டிகிரியைத் தாண்டினால் அந்த மெழுகும் எரிந்து போகும். மெழுகு படிந்த மண் சேப்பங்கிழங்கு இலை மாதிரி, தண்ணீரை உள்ளே விடாது. இறங்க வேண்டிய மழை மேலோடு ஓடி, சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு அணைக்கு வரும். சித்திரையில் இடியோடு அரை மணி நேரம் கொட்டும் கோடைமழையைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். அப்போது அணையில் தண்ணீரும் குறைவு, வருகிற சகதி கரைந்து நீர்த்துப் போக இடம் இருக்காது.

2003 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகருக்கு மேலே இருந்த நீர்ப்பிடிப்புக் காடு எரிந்தது. அடுத்து வந்த மழையில் அணைகள் கலங்கி, அந்த நகரம் புதிய சுத்திகரிப்பு நிலையமே கட்ட வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் கொலராடோவில் 2002-இல் ஹேமன் தீ எரிந்த காட்டின் ஓடைகளில், 14 வருடம் கழித்தும் நைட்ரேட் கூடுதலாகவே இருந்தது. அங்கே மரங்கள் உச்சிவரை எரிந்தன. நம் கிழக்குச் சரிவுகளில் பெரும்பாலும் தரையோடு ஓடும் புல்தீ. நாலு மழையில் புல் துளிர்த்துவிடும். மேலே பொதிகை உச்சியை ஒட்டிய ஈரக்காடு எளிதில் தீப்பிடிக்காது, அதனால் தாமிரபரணியின் தலை ஊற்றுகளுக்குப் பாதுகாப்பு அதிகம். ஆனால் 143 அடி பாபநாசம் அணை தாங்குகிற கலங்கலை, உங்கள் பக்கத்து வடக்குப் பச்சையாறு, கொடுமுடியாறு போன்ற சிறிய அணைகள் அதே மாதிரி தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சரி, கிணற்றுக்கு வருவோம். குளத்துத் தண்ணீர் மண் வழியாக ஊறி வருவதால் சகதியும் கரியும் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். கரைந்து வரும் நைட்ரேட், மாங்கனீசு போன்றவற்றை மண் முழுக்கப் பிடித்து வைக்காது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். எனவே முதல் பெருமழைக்குப் பிறகு, பரிசோதனை முடிவு வரும்வரை குழந்தைக்கு மட்டும் வேறு நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் தயங்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு, தண்ணீர் கலங்கி வந்தால் முதலில் தெளிய வையுங்கள், அப்புறம் மருந்து போடுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் போட்டால் சகதியே அதைத் தின்றுவிடும், கிருமி தப்பிக்கும். கரைந்த சருகுச் சத்தோடு குளோரின் சேர்ந்தால் வேண்டாத வேதிப்பொருளும் உண்டாகும். எங்கள் ஆச்சி ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசி வைப்பாள். காலையில் மேல் தண்ணீர் தெளிந்திருக்கும். அது நல்ல முறைதான். தெளிந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதென்றால் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். கிணறு மூன்று மீட்டர் அகலம், தண்ணீர் நாலு மீட்டர் ஆழம் என்றால் சுமார் 28,000 லிட்டர், எழுபது கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் நீரை மட்டும் ராத்திரியில் ஊற்றுங்கள். காலையில் எடுக்கலாம்.

வாழைக்குத் தாராளமாகப் பாய்ச்சலாம். சாம்பலில் வரும் பொட்டாஷ் ஏத்தன் வாழைக்கு நல்லதுதான். சொட்டுநீர் போட்டிருந்தால் மட்டும் வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள், இல்லாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும்.

மாடு விஷயத்தில் எனக்குப் பயம் ஒன்று உண்டு. சாம்பலோடு வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும்போது குளத்தில் பச்சைப் பெயின்ட் கொட்டினது மாதிரி படலம் மிதந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதைக் குடித்து மாடு செத்துப்போவதுண்டு. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. படலம் கண்டால் மாட்டை அங்கே இறக்காதீர்கள், பிள்ளைகளையும் குளிக்க விடாதீர்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம்.

மழைக்கு முன்பே, இந்த வாரமே, கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். கலங்கல், கார அமில நிலை, நைட்ரேட், இரும்பு, மாங்கனீசு, கோலிபார்ம் கிருமி, இவ்வளவும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்தில் தரும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். முதல் பெருமழை முடிந்து குளத்துக்குத் தண்ணீர் வந்த பிறகு மறுபடியும் கொடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தீயால் வந்தது எது, முன்பே இருந்தது எது என்று பிரித்துவிடலாம்.