பம்ப் சத்தம்: தண்ணீரில் குளிரும் கணினிகள் பற்றிய கேள்வி பதில்

கொழும்பில் சில வருடங்களாக எனக்கும் தெரிந்தவர்களுக்கும் தண்ணீரால் குளிரூட்டும் கணினிகளைப் பூட்டிக் கொடுத்து வருகிறேன். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பம்ப் சத்தம் பற்றியவைதான். இரவில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுத்தால் அந்தச் சின்ன ரீங்காரம் எவ்வளவு தொல்லை தரும் என்று எனக்கு வடிவாகத் தெரியும். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, ஏஐஓ (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகப் பூட்டியே வரும் தண்ணீர்க் குளிரூட்டி) வாங்கி இரண்டு மாதம். ரேடியேட்டரைப் பெட்டியின் அடியில் பூட்டியிருக்கிறேன். கணினியைப் போட்டவுடன் சலசலவென்று சத்தம், பிறகு கொஞ்சம் குறைகிறது. பம்ப் பழுதா?

பழுதில்லை தம்பி, காற்று. எந்த ஏஐஓவிலும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். ரேடியேட்டர் அடியில் இருந்தால் அந்த உயரமான இடம் பம்ப்தான். நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் குமிழிகள் அங்கே சேர்கின்றன. காலையில் போட்டதும் பம்ப் அவற்றைத்தான் அரைக்கிறது. சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பம்பின் பேரிங்குக்கு எண்ணெய் போல இருப்பதே அந்தத் திரவம்தான். காற்றில் ஓடினால் தேயும்.

ரேடியேட்டரைக் கூரைப் பக்கம் மாற்றுங்கள். இடமில்லை என்றால் முன்பக்கம் வையுங்கள். குழாய் எட்டினால் குழாய்கள் கீழே வரும்படி வையுங்கள். எப்படி வைத்தாலும் ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்போது காற்று அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். மாற்றிய பிறகு கணினியைச் சும்மா ஓடவிட்டு, பெட்டியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பிடியுங்கள். குமிழிகள் ரேடியேட்டருக்குள் ஏறிவிடும். ஒன்று கவனம்: உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதன் வயரைக் கழற்றிவிடுங்கள். ஓடும் டிஸ்க்கை அசைக்கவே கூடாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: சத்தம் பம்பிலிருந்து வருகிறதா, ஃபேனிலிருந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கராஜில் எஞ்சினுக்குக் காது கொடுப்பார்களே, அதே வழிதான். நீளமான ஸ்குரூட்ரைவரின் பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்து, நுனியைப் பம்பின் வெளி மூடியில் மெதுவாகத் தொடுங்கள். போர்டிலோ ஃபேனிலோ பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரக்குச்சி என்றால் இன்னும் பாதுகாப்பு. பம்ப்தான் காரணம் என்றால் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும்.

பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) ஃபேன்களை ஒரு நிமிடம் ஆகக் குறைந்த வேகத்துக்கு இறக்கியும் பார்க்கலாம். களகள என்றால் காற்று. ஒரே சுருதியில் ஙொய்ய் என்றால் வேகம் அல்லது அதிர்வு. கடகட என்றால் பேரிங். விளையாடும்போது மட்டும் கீச்சென்று கேட்டால், விளையாட்டின் ஃப்ரேம் எண்ணிக்கையை நொடிக்கு 60க்கு மட்டுப்படுத்திப் பாருங்கள். கீச்சு குறைந்தால் அது கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள காயிலின் (கம்பிச் சுருளின்) சத்தம். அதற்காகப் பம்பை மாற்றினால் காசுதான் வீண்.

தெஹிவளையிலிருந்து: வீட்டில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பம்ப் முழு வேகத்தில் ஓடுகிறது, பக்கத்து அறையில் பிள்ளை படுக்க முடியவில்லை. ஆனால் கொழும்பு வெயிலில் வேகத்தைக் குறைக்கப் பயமாக இருக்கிறது.

அக்கா, இந்தப் பயம் இங்கே பலருக்கும் இருக்கிறது. குளிர் நாட்டில் 20 பாகை அறையில் சோதித்த எண்களைப் பார்க்கிறோம். நம் அறை இரவிலேயே 27, 28 பாகை. தண்ணீர் அறையின் சூட்டுக்குக் கீழே ஒருபோதும் போகாது, ஆகவே எல்லா எண்களும் அந்த அளவுக்கு ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பம்பை முழு வேகத்தில் விடுகிறோம்.

பம்பின் வேலை சூட்டைச் சுமந்து போவது மட்டுமே. வெளியே தள்ளுவது ரேடியேட்டரும் அதன் ஃபேன்களும். கணக்காகவே பாருங்கள். உங்கள் ப்ரொசஸர் 200 வாட் சூடு தருகிறது, தண்ணீர் நிமிடத்துக்கு 1 லீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். ப்ரொசஸரைக் கடந்து வரும் தண்ணீர் சுமார் 3 பாகை சூடாகும். ஓட்டத்தை 2 லீற்றராக இரட்டித்தால் அந்த 3, ஒன்றரை ஆகும். பம்ப் தொண்டை கிழியக் கத்துவதில் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். 

பம்பை 60 அல்லது 70 சதவீதத்தில் வைத்து, உங்கள் எடிட்டிங் வேலையையே அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஓரிரு பாகை கூடினால் கவலைப்பட ஒன்றுமில்லை. விறுவிறுவென்று ஏறினால் மட்டும் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள்.

இன்னொன்று, பம்பின் வேகத்தை ப்ரொசஸர் சூட்டோடு இணைக்க வேண்டாம். ஒரு பிரவுசரைத் திறந்தாலே ப்ரொசஸர் 15 பாகை துள்ளும், பம்பும் கூடவே ஏறி இறங்கும். ஒரே அளவான சத்தத்தைக் காது மறந்துவிடும், மாறும் சத்தத்தை மறக்காது. ஒரே வேகத்தில் நிறுத்தி வையுங்கள். பிள்ளை நித்திரை கொள்ளும்.

அதே அக்கா: பயோஸில் எங்கே மாற்றுவது?

ஃபேன் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பம்ப் என்ற பெயரோடு ஓர் இணைப்பு இருக்கும். அது பெரும்பாலும் முழு வேகத்திலேயே அமைக்கப்பட்டு வரும். நான்கு பின் வயர் என்றால் பிடபிள்யூஎம் (மின்துடிப்பால் வேகத்தை மாற்றும்) முறையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று பின் என்றால் கையேட்டைப் பார்த்த பிறகே கை வையுங்கள், சில பம்புகளுக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும். பம்பின் வயர் யுஎஸ்பியில் இருந்தால் தயாரிப்பாளரின் மென்பொருளில்தான் மாற்ற முடியும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: டி5 (தனியாக விற்கும் ஒரு வகைத் தண்ணீர்ப் பம்ப்) வைத்துச் சொந்தமாகப் பூட்டியது. பெட்டிக்குப் பக்கத்தில் சத்தம் குறைவு, மேசையில் கை வைத்தால் அதிர்கிறது.

உங்கள் பம்ப் நல்ல பம்ப். அதிர்வைத் தகரம் வாங்கி ஊதிப் பெருக்குகிறது. பம்பை இரும்புத் தட்டில் நேராக முறுக்கினால் பெட்டி முழுவதும் மத்தளம் ஆகிவிடும். திருகாணிகளைக் கழற்றி, பம்பைக் கையில் தூக்கிப் பிடித்துக் கேளுங்கள். சத்தம் பாதியாகிவிட்டால் நான் சொல்வது சரி.

இதற்கென்று விற்கும் ஸ்பொஞ்ச் தட்டுகள் உண்டு. நான் முதலில் செய்தது பழைய பாத்ரூம் செருப்பின் அடியை வெட்டி வைத்ததுதான். ஒரு விரல் தடிப்பு, நான்கு மூலையிலும் ஓட்டை, திருகாணி தகரத்தில் முட்டாதபடி ரப்பர் வளையம். மூன்று வருடம் அது அப்படியே இருந்தது. திருகாணியை இறுக்கி நசுக்கிவிடாதீர்கள், இறுகிய ரப்பர் அதிர்வை அப்படியே கடத்தும். பம்பிலிருந்து போகும் முதல் குழாய் வளையக்கூடிய ரப்பர்க் குழாயாக இருந்தால் இன்னும் நல்லது.

வேகமும் பாருங்கள். எண் போட்ட வேகத் திருகி உள்ள டி5 என்றால் 1இல் நிமிடத்துக்குச் சுமார் 1800 சுற்று, 5இல் 4800. ஒரு ப்ரொசஸர், ஒரு கிராஃபிக்ஸ் கார்ட், இரண்டு ரேடியேட்டருக்கு 2 அல்லது 3 போதும். நடுவில் ஏதாவது ஒரு வேகத்தில் மட்டும் பெட்டி கூடுதலாக முனகினால், அந்த இடத்தைத் தாண்டி வையுங்கள்.

அதே கேள்விக்காரர்: தண்ணீர் மாற்றும் நேரமும் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி விடலாமா?

வேண்டாம். வீட்டில் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். ப்ரொசஸர் பிளாக்கின் (ப்ரொசஸர் மேல் இருந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் துண்டு) தகடுகளுக்கு இடையில் உள்ள வெளி ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, அதில் அந்தப் படிவு ஏறினால் அடைத்துவிடும். கொழும்புக் குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதில் குளோரின் இருக்கிறது. இதற்கென்று வரும் கூலன்ட் அல்லது டிஸ்டில்ட் வாட்டரோடு அரிப்புத் தடுப்பு மருந்து. டிஸ்டில்ட் வாட்டரைப் பற்றரிக் கடையில் வாங்கினால் லேபிளை இரண்டு தடவை வாசியுங்கள், அசிட்டும் அதே கடையில்தான் இருக்கும்.

நிரப்பும்போது பம்பை ஒரு நொடிகூடக் காய்ந்து ஓடவிடாதீர்கள். என் முதல் டி5ஐ நான் இழந்தது அப்படித்தான். தாங்கியில் தண்ணீர் இறங்கியதைக் கவனிக்காமல் போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அது அமைதியாக ஓடவே இல்லை, ஒரு மாதத்தில் கழற்றினேன். பம்பைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துங்கள், தண்ணீர் விடுங்கள், மறுபடி ஓடவிடுங்கள். நுண்குமிழிகள் போய்ச் சத்தம் அடங்க ஓரிரு நாள் ஆகும்.

மட்டக்குளியிலிருந்து: ஐந்து வருட ஏஐஓ, கடகட என்கிறது. சாய்த்துப் பார்த்தும் போகவில்லை. திறந்து தண்ணீர் விடலாமா?

நிரப்பும் மூடியோடு வந்த வகை என்றால் கையேட்டில் உள்ளபடி விடலாம். மற்றவற்றைத் திறக்க வேண்டாம். ரப்பர்க் குழாய் வழியாக வருடக்கணக்கில் திரவம் ஆவியாகிக் குறைந்திருக்கும், பேரிங்கும் தேய்ந்திருக்கும். பல ஏஐஓக்களில் அலுமினிய ரேடியேட்டரும் செப்புத் தகடும் சேர்ந்தே இருப்பதால் வெறும் தண்ணீர் விட்டால் அரிப்பு தொடங்கும். முதலில் பில்லைத் தேடுங்கள். சிலவற்றுக்கு 5, 6 வருட உத்தரவாதம் உண்டு. அது முடிந்திருந்தால் புதியது வாங்குங்கள். அது வரும்வரை கனமான வேலை கொடுக்காமல், ப்ரொசஸர் சூட்டைத் திரையின் மூலையில் வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள்.