அப்கிரேடு எப்போது செய்வது? கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கிறோம் அண்ணே. பில், ஸ்டாக் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 14ஆம் பதிப்பில் ஓடுகிறது. 19 வந்தபிறகு ஒரேயடியாக அதற்கே மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கொரு பெரிய பதிப்பைச் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வெளியிடும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு, அதாவது திருத்தங்கள் வரும். உங்கள் 14க்குக் கெடு 2026 நவம்பர் 12. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8! 19க்காகக் காத்திருந்தால், சிராங்கூன் சாலையில் விளக்கு போட்டுக் கூட்டம் நெரியும் நாட்களில் நீங்கள் டேட்டாபேஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்பீர்கள். 2025 செப்டம்பரில் வந்த 18க்கே போங்கள். 2030 நவம்பர் வரை அதற்கு ஆதரவு உண்டு.

ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். ஞாயிறு உங்களுக்கு வியாபார நாள், ஆகவே செவ்வாய் இரவு கடை சாத்தியபிறகு செய்யுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, ஒரு நாள் முழுக்கப் பில் போட்டுப் பாருங்கள். 18இல் புதிய டேட்டாபேஸ் இயல்பாகவே செக்சம்மோடு (தரவு கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) உருவாகும். பழையதில் செக்சம் இல்லையென்றால் பதிப்பை மாற்றும் கருவியான பிஜி அப்கிரேடு தொடக்கச் சோதனையிலேயே நின்றுவிடும். ஒத்திகையில் தெரிந்தால் பத்து நிமிட வேலை. நள்ளிரவில் தெரிந்தால் கை நடுங்கும்.

கேள்வி: அன்றைக்கே கணினியின் இயங்குதளமான உபுண்டுவையும் மாற்றிவிட்டால் ஒரு வேலை மிச்சம்தானே?

பதில்: தயவுசெய்து தனித்தனியாகச் செய்யுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டெலிவரி நிறுவனத்தில் உபுண்டு 18.04இலிருந்து 20.04க்கு மாறினோம். மறுநாள் காலை கவுண்டரில் இருந்த பெண் 02-15 என்று வீட்டு எண்ணைத் தட்டினார். ‘இல்லை’ என்று வந்தது. வாடிக்கையாளரோ மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறார். இரண்டு உபுண்டுவுக்கும் நடுவே, அதன் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியிருந்தது. கோடு போட்ட எண்களுக்கு அதில் அடி பலம். பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ், அதாவது டேட்டாபேஸின் தேடல் பட்டியல், தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. அதை மறுபடி கட்டியதும் (ரீஇண்டெக்ஸ்) சரியாகிவிட்டது, ஆனால் அதற்குள் இரட்டைப் பதிவுகள் குவிந்துவிட்டன. அன்று உபுண்டு, டேட்டாபேஸ் இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தால் குற்றவாளி எது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகியிருக்கும்.

கேள்வி: எங்கள் டியூஷன் சென்டர் சர்வர் உபுண்டு 22.04. ஏப்ரலில் 26.04 வந்ததும் தாவலாமா?

பதில்: நேராகத் தாவ முடியாது. நடுவில் 24.04இல் கால் வைத்துத்தான் போக வேண்டும். 22.04க்கு 2027 வரை ஆதரவு உண்டு, 24.04க்கு 2029 வரை. ஜூன் பள்ளி விடுமுறையில் 24.04க்குப் போய் அங்கேயே இருங்கள். 26.04க்கு மாறும் வழியை உபுண்டுவே ஆகஸ்ட் வாக்கில், முதல் திருத்தப் பதிப்பு வந்தபிறகுதான் திறந்துவிடும்.

கேள்வி: பாலிடெக்னிக் இறுதியாண்டு ப்ராஜெக்ட். ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் 24ஆ, 25ஆ?

பதில்: 24. அதற்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு. 25க்கு நீண்டகால ஆதரவே கிடையாது.

கேள்வி: டெபியன் இயங்குதளத்தின் அடுத்த பதிப்புக்கு அவர்கள் தேதியே சொல்வதில்லை. பாஸிடம் என்ன திட்டம் காட்டுவது?

பதில்: அவர்கள் தயாரானால்தான் விடுவார்கள், எனக்கு அது பிடிக்கும். 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். புதியது வந்தபிறகும் பழையதற்கு ஏறக்குறைய ஓராண்டு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். வெளியீட்டு நாளைக் காட்டாதீர்கள், அந்த ஓராண்டைக் காட்டுங்கள். அதிலிருந்து சீனப் புத்தாண்டு, ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் வாரங்கள், உங்கள் ஆட்கள் ஊருக்குப் போகும் டிசம்பர் ஆகியவற்றை அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் வாரங்களில் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: ஒன்று ஒத்திகைக்கு, ஒன்று வேலைக்கு.