ஸ்லாட் ரிசீவர் போய்விட்டால் அடுத்து யாரைத் தேடுவது?

அமெரிக்க ஃபுட்பால் பார்க்கும் நண்பர்கள் ஒரே விஷயத்தைப் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: நல்ல ஸ்லாட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் உள்பக்கம் நிற்பவர்) ஒருவர் டீமை விட்டுப் போனால், அந்த இடத்துக்கு எப்படிப்பட்ட ஆளைத் தேட வேண்டும்? உதாரணங்களைப் பெரும்பாலும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடமிருந்து எடுத்திருக்கிறேன். இந்த இடத்தைச் சரியாக நிரப்பியதும் தவறாக நிரப்பியதும் அந்த ஒரே டீமில் பார்க்கக் கிடைக்கிறது.

இப்போதுதான் என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்) பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஸ்லாட் என்பது மைதானத்தில் எந்த இடம்?

ஓரக்கோட்டுப் பக்கம் தனியாக நிற்பவர் வெளி ரிசீவர். அவருக்கும், பந்தை ஒட்டி வரிசையாக நிற்கும் பெரிய ஆட்களுக்கும் நடுவே, கோட்டிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி நிற்பவர்தான் ஸ்லாட் ரிசீவர். பின்தள்ளி நிற்பதால் எதிராளி நேருக்கு நேர் நின்று நெஞ்சில் கை வைத்துத் தடுப்பது கடினம். தவிர, இவருக்கு இரண்டு பக்கமும் ஓட இடம் உண்டு. வெளி ரிசீவருக்கு ஒரு பக்கம் கோடு வந்துவிடும், அவரைக் காக்கும் கார்னர்பேக்குக்கு அந்தக் கோடே பாதி வேலையைச் செய்துவிடும். ஸ்லாட்டுக்கு உள்ள சிரமம் வேறு. பந்தைப் பிடிக்கும் நேரத்தில் எதிரணித் தற்காப்பில் நடுவே நிற்கும் லைன்பேக்கரும் பின்னால் நிற்கும் சேஃப்டியும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மோதுவார்கள். இப்போதெல்லாம் பெரும்பாலான ஆட்டங்களில் மூன்று ரிசீவர்கள் இறங்குவதால், ஸ்லாட் முழுநேர வேலையாகிவிட்டது.

எங்கள் டீமில் ஸ்லாட் ஆள் போய்விட்டார். டிராஃப்டில் (டீம்கள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில்) நல்ல வேகமான பையனாகப் பார்த்து எடுத்தால் போதாதா?

போதாது. இதற்கு 2013 செயின்ட் லூயிஸ் ராம்ஸைப் பாருங்கள். அவர்களுடைய ஸ்லாட் ரிசீவர் டேனி அமெண்டோலா அந்த மார்ச்சில் கிளம்பிவிட்டார். ராம்ஸ் டிராஃப்டில் 16-ஆம் இடத்திலிருந்து 8-ஆம் இடத்துக்கு விலை கொடுத்து ஏறி, வெஸ்ட் வர்ஜீனியாவின் டேவான் ஆஸ்டினை எடுத்தார்கள். 40 கெஜத்தை 4.34 நொடியில் ஓடியவர். எதிரணி உதைத்து அனுப்பும் பந்தை (பன்ட்) பிடித்துத் திருப்பி ஓடும்போது மின்னல். ஆனால் ராம்ஸில் எந்த சீசனிலும் அவர் ரிசீவராக 600 கெஜத்தைத் தொடவில்லை.

40 கெஜ ஓட்டம் நேர்க்கோட்டு வேகத்தைத்தான் காட்டும். ஸ்லாட் ஆள் ஓடுவது 5, 6 கெஜம். அதற்குள் நின்று, திரும்பி, மறுபடி கிளம்பியாக வேண்டும். அதை ஓரளவு அளப்பது த்ரீ-கோன் சோதனை: எல் வடிவத்தில் மூன்று கூம்புகளை வைத்து, அவற்றைச் சுற்றி வளைந்து திரும்பி ஓட விடுவார்கள். பின்னால் பேட்ரியாட்ஸின் ஸ்லாட் ஆளான ஜூலியன் எடெல்மன் அதை 6.62 நொடியில் முடித்தார். ஏழு நொடிக்குள் முடித்தாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளும் சோதனை அது. இருந்தும் அவர் 2009 டிராஃப்டில் ஏழாவது ரவுண்டு வரை, 232-ஆம் இடம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

கமென்டேட்டர்கள் "டிஃபென்ஸைப் படிக்கிறார்" என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஓடுகிறவர் அப்படி எதைப் படிக்கிறார்?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது டவுன் (10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 6 கெஜம் தேவை என்று வையுங்கள். ஸ்லாட் ரிசீவருக்குக் கொடுத்திருப்பது ஆப்ஷன் ரூட். அதாவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பது முன்கூட்டித் தீர்மானமாகவில்லை. அவர் ஆறு கெஜம் நேராகப் போகிறார். போகும்போதே, தன்னைக் காக்கிறவர் தனக்கு உள்பக்கம் நிற்கிறாரா வெளிப்பக்கம் நிற்கிறாரா என்று பார்க்கிறார். உள்பக்கம் என்றால் வெளியே வெட்ட வேண்டும். வெளிப்பக்கம் என்றால் உள்ளே. எதிராளி இவரைப் பார்க்காமல் பந்து எறியும் குவார்ட்டர்பேக்கையே பார்த்துக்கொண்டு பின்வாங்கினால் அது ஸோன், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காக்கும் முறை. அப்போது எந்தப் பக்கமும் ஓடக் கூடாது, இரண்டு லைன்பேக்கர்களுக்கு நடுவே கிடைக்கும் காலி இடத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும்.

இந்த மூன்றில் எது என்பதைக் கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்கிறார். அதே நேரத்தில் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கும் அதே எதிராளியைப் பார்த்து அதே முடிவுக்கு வர வேண்டும். ஏனென்றால் ரிசீவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்கும். ஒருவர் ஸோன் என்றும் மற்றவர் மேன் (ஆளுக்கு ஆள் காப்பது) என்றும் படித்தால் பந்து எதிராளி கையில். கபடியில் பாடிப் போகிறவர், பிடிக்க நிற்பவரின் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கே இரண்டு பேர் சேர்ந்து ஒரே மாதிரி பார்த்தாக வேண்டும்.

அதனால்தான் ஸ்லாட் ரிசீவரைத் தேடும்போது நான் முதலில் கேட்பது, இந்த ஆளுக்கு நம் குவார்ட்டர்பேக்கோடு கண் ஒத்துப்போகுமா என்பதைத்தான். வேகமும் உயரமும் அதற்கு அப்புறம்.

பேட்ரியாட்ஸின் டாம் பிராடி மாதிரி குவார்ட்டர்பேக் இருந்தால் யாரைப் போட்டாலும் 100 கேட்ச் வந்துவிடும். இதில் ரிசீவருக்கு என்ன பெருமை?

2011 சீசனைப் பாருங்கள். அந்த வருடம் பேட்ரியாட்ஸுக்கு சாட் ஓச்சோசின்கோ வந்தார். சின்சினாட்டியில் ஏழு முறை 1,000 கெஜம் தாண்டியவர், பெரிய பெயர். பிராடி எறிந்தும் அந்த சீசனில் அவருக்குக் கிடைத்தது 15 கேட்ச். அதே சீசனில், அதே பிராடியிடம், ஸ்லாட் ரிசீவர் வெஸ் வெல்கருக்கு 122. அந்த டீமின் ஆட்டத்தில் ரிசீவர் படிக்க வேண்டியது நிறைய. அது கைவராதவர் பக்கம் பிராடி பந்தைத் திருப்பவே மாட்டார்.

2013-இல் வெல்கர் டென்வர் போனபோது என்னதான் நடந்தது? அப்போது நான் இந்த ஆட்டம் பார்க்கவில்லை. விவரமாகச் சொல்லுங்கள் அண்ணா.

வெல்கர் வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். டெக்சஸ் டெக்கில் படித்தவர், 5 அடி 9 அங்குலம். 2004 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. சான் டியேகோ சேர்த்துக்கொண்டு, சீசனின் முதல் மேட்ச் முடிந்ததும் அனுப்பிவிட்டது. மயாமி எடுத்துக்கொண்டது. மயாமியும் நியூ இங்கிலாந்தும் ஒரே பிரிவு, வருடத்துக்கு இரண்டு முறை மோதும். ஆக, இந்தச் சின்ன ஆள் எவ்வளவு தொல்லை கொடுப்பார் என்று பேட்ரியாட்ஸ் நேரிலேயே பார்த்துக்கொண்டிருந்தது. 2007-இல் ஒரு இரண்டாவது ரவுண்டு, ஒரு ஏழாவது ரவுண்டு டிராஃப்ட் வாய்ப்பைக் கொடுத்து அவரை வாங்கியது. ஆறு சீசனில் 672 கேட்ச், அதில் ஐந்து சீசனில் நூறுக்கு மேல்.

2013 மார்ச்சில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. டென்வரோடு இரண்டு வருடம், 1.2 கோடி டாலருக்குப் போய்விட்டார். உடனேயே பேட்ரியாட்ஸ் அமெண்டோலாவை ஐந்து வருடம், 3.1 கோடி டாலர் வரை என்று பேசி முடித்தது. காகிதத்தில் அச்சு அசல் மாற்று: அதே டெக்சஸ் டெக், ஏறக்குறைய அதே உயரம், அவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. முதல் மேட்சிலேயே 10 கேட்ச், 104 கெஜம். ஆனால் அதே மேட்சில் தொடை இடுக்குத் தசை பிடித்துக்கொண்டது. சீசன் முழுக்க அது விடவில்லை, 54 கேட்சோடு முடித்தார்.

அந்த இடத்தை நிரப்பியவர் எடெல்மன். கென்ட் ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். நான்கு வருடமாக டீமில் இருந்தும் மொத்தம் 69 கேட்ச்தான். 2011-இல் ஆள் பற்றாக்குறையில் டிஃபென்ஸிலும் இறக்கிவிட்டார்கள். 2013-இல் ஃப்ரீ ஏஜென்டாக (எந்த டீமோடும் பேசலாம் என்ற நிலையில்) வெளியே போய்ப் பார்த்தும் பெரிய விலை கிடைக்காமல், சொற்பச் சம்பளத்துக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் திரும்பி வந்தார். அந்த சீசனில் 105 கேட்ச், 1,056 கெஜம்.

அவருக்கு அது திடீர் அதிர்ஷ்டம் இல்லை. நான்கு வருடம் அதே மீட்டிங் அறையில் உட்கார்ந்து, வெல்கர் ஓடிய அதே ரூட்டுகளைப் பயிற்சியில் ஓடி, பிராடி என்ன பார்க்கிறார் என்று பழகியிருந்தார். 2010 ஜனவரியில் ஹூஸ்டன் மேட்சில் வெல்கரின் முழங்கால் போனபோது, உள்ளே வந்து 10 கேட்ச் பிடித்ததும் இவர்தான். அடையாளம் அப்போதே தெரிந்தது.

அமெண்டோலாவும் வீண் போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2015 பிப்ரவரியில் சியாட்டலுக்கு எதிரான சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், கடைசி குவார்ட்டரில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தபோது முதல் டச்டவுன் அமெண்டோலா, அடுத்தது எடெல்மன். சியாட்டலில் ஸ்லாட்டைக் காக்கும் ஜெரெமி லேன் முதல் குவார்ட்டரிலேயே கை உடைந்து வெளியேறியிருந்தார். பதிலுக்கு வந்த தரோல்ட் சைமன், எடெல்மன் உள்ளே வெட்டுவதாகக் காட்டியதும் கூடவே சாய்ந்தார். எடெல்மன் சட்டென்று வெளியே திரும்பினார், பந்து அங்கே வந்திருந்தது. 28-24. மூன்று கெஜ டச்டவுன்தான், ஆனால் ஸ்லாட் ஆட்டம் முழுக்க அந்த மூன்று கெஜத்தில் இருக்கிறது.

ஸ்லாட் ஆள் என்றால் குள்ளமாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லவே இல்லை. கூப்பர் கப் 6 அடி 2 அங்குலம். 2021-இல் ராம்ஸுக்காக 145 கேட்ச், 1,947 கெஜம், 16 டச்டவுன் என்று மூன்றிலும் லீக்கில் முதலிடம். அவரும் மூன்றாவது ரவுண்டில்தான் வந்தார். லேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 6 அடி 3 அங்குலம். வெளி ரிசீவராகப் பெயர் வாங்கிவிட்டு, வேகம் குறைந்த வயதில் அரிசோனாவில் ஸ்லாட் பக்கம் நகர்ந்தார். 2015 முதல் 2017 வரை மூன்று வருடமும் நூறு கேட்சுக்கு மேல். டீமில் வயதான வெளி ரிசீவர் இருந்தால், வெளியே ஆள் தேடும் முன் அவரை ஸ்லாட்டில் நிறுத்திப் பார்க்கலாம்.

பணம் இருக்கிறது, நல்ல ஆளையே விலைக்கு வாங்கலாம் என்றால்?

வாங்கலாம். ஆனால் கையில் இருப்பவரை விட்டுவிட்டு வாங்கும்போது யோசிக்க வேண்டும். எடெல்மன் 2021 ஏப்ரலில் ஓய்வு பெற்ற பிறகு பேட்ரியாட்ஸின் ஸ்லாட்டில் நம்பகமான ஆள் ஜகோபி மேயர்ஸ். டிராஃப்டில் எடுக்கப்படாமல் வந்தவர், கல்லூரிக்குக் குவார்ட்டர்பேக்காகப் போனவர். 2023-இல் அவரை லாஸ் வேகாஸுக்குப் போக விட்டுவிட்டு, ஏறத்தாழ அதே விலைக்கு ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரைக் கொண்டு வந்தார்கள். அந்த சீசனில் மேயர்ஸுக்கு அங்கே 71 கேட்ச், 8 டச்டவுன். ஸ்மித்-ஷூஸ்டருக்கு 29 கேட்ச், 1 டச்டவுன். அடுத்த ஆகஸ்டில் அவரை விடுவித்தார்கள். எனக்கு இன்றும் வருத்தம் தரும் முடிவு அது. பந்து எறிகிறவருக்குப் பழகிப்போன கண்ணை வெளியே அனுப்பிவிட்டு, முழங்கால் நல்ல நிலையில் இல்லாத ஒருவருக்கு அதே பணம்.

என் மகன் இங்கே உயர்நிலைப்பள்ளி டீமில் குவார்ட்டர்பேக்காக இருந்தான். உயரம் போதவில்லை என்று கோச் ஸ்லாட்டுக்கு மாற்றிவிட்டார். மனம் உடைந்திருக்கிறான் சார்.

எடெல்மனும் மேயர்ஸும் அதே பாதையில்தான் வந்தார்கள் என்று அவனிடம் சொல்லுங்கள். குவார்ட்டர்பேக்காக டிஃபென்ஸைப் படித்த பழக்கம் ஸ்லாட்டில் நேரடியாகப் பயன்படும். மற்ற பையன்கள் முதலிலிருந்து கற்க வேண்டியது அவனுக்குப் பாதி தெரிந்திருக்கும். தன் ரூட்டை மட்டும் மனப்பாடம் செய்யாமல், அந்த ஆட்டத்தில் மற்ற நான்கு பேர் எங்கே ஓடுகிறார்கள் என்பதையும் கற்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் பந்து பிடிக்கிறவருக்குத் தலையில் அடி படும் வாய்ப்பு அதிகம். டென்வர் போன வெல்கருக்கு 2013 சீசனில் இரண்டு முறையும், 2014 ஆகஸ்டில் மறுபடியும் தலை அதிர்ச்சி. தலை சுற்றுகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று அவன் சொன்னால் அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். இடம் போய்விடுமே என்று பயந்து மறைக்கும் பையன்கள் உண்டு. மறைக்கத் தேவையில்லை என்று வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

ஆகஸ்ட் ப்ரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) மேட்சில் புது ஸ்லாட் ஆள் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் கேட்ச் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ப்ரீசீசன் கடைசி குவார்ட்டரில் 8 கேட்ச் பிடித்தவர் எதிரணியின் நான்காம் வரிசை ஆட்களுக்கு எதிராகப் பிடித்திருப்பார். முதல்நிலைக் குவார்ட்டர்பேக் களத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில், மூன்றாவது டவுனுக்கு உள்ளே அனுப்பப்படுவது யார் என்று பாருங்கள். பந்து வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் எங்கே போய் நின்றார் என்று ரீப்ளேயில் கவனியுங்கள். ஸோனில் காலி இடத்தில் நின்றாரா, நிற்காமல் லைன்பேக்கர் மேலேயே ஓடினாரா? ஓட்ட ஆட்டத்தில் தன்னைவிடப் பெரிய சேஃப்டியின் முன்னால் போய்த் தடுக்கிறாரா? தடுக்காத ஸ்லாட் ஆளைக் கோச்சுகள் முதல் இரண்டு டவுனில் இறக்கமாட்டார்கள். ஒரு பந்து தவறிப்போனதும் குவார்ட்டர்பேக் அவர் பக்கம் போய்க் கையைக் காட்டிப் பேசிவிட்டு, அடுத்த வாய்ப்பிலேயே மறுபடி அவருக்கே எறிந்தால், செப்டம்பரில் அந்த இடம் பெரும்பாலும் அவருக்குத்தான்.