விண்ணுக்கு வழி கேட்டு மூன்று கடிதங்கள்

(பதில் அளிப்பவர்: பணி ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியை)

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். அப்துல் கலாம் படம் மாட்டினோம், பேச்சுப் போட்டி நடத்தினோம். கைதட்டியதோடு சரி. விமானம், ராக்கெட் இவற்றின் மீது பிள்ளைகளுக்கு உண்மையான ஆசை வர என்ன செய்வது? – அறிவியல் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பேச்சுப் போட்டியை ஓராண்டு நிறுத்திவையுங்கள் டீச்சர். யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைக்குக் கலாம் இன்னும் எட்டாத உயரத்துக்குத்தான் போவார். அந்தப் பிள்ளையின் கையில் ஒரு பொருளைக் கொடுங்கள்.

காலியான குளிர்பான பாட்டில் போதும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைச் செருகிய ரப்பர் கார்க்கால் இறுக்கமாக மூடுங்கள். தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். பம்புக்கு நீளமான குழாய் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் பாட்டிலின் மேல் குனியக் கூடாது. கார்க் விடுபட்டதும் தண்ணீர் கீழே பீறிடும், பாட்டில் மேலே பாயும்.

முதல் தடவை அது குட்டிக்கரணம் போட்டு விழும். பாடம் அங்கேதான் ஆரம்பம். காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒருத்தி அட்டையில் இறக்கை வெட்டி வாலில் ஒட்டுவாள், ஒருவன் மூக்கில் களிமண் அப்புவான். பிறகு தண்ணீர் இல்லாத பாட்டிலை அது சமமாக நிற்கும் இடத்தில் நூலால் கட்டி, தலைக்கு மேல் சுற்றச் சொல்லுங்கள். மூக்கு முன்னால் போனால் ராக்கெட் நேராகப் பறக்கும். வால் முன்னால் வந்தால் களிமண் போதவில்லை, அல்லது இறக்கை சிறிது. எடையின் மையம் முன்னாலும் காற்று அழுத்தும் மையம் பின்னாலும் இருக்க வேண்டும் என்பது ராக்கெட் வடிவமைப்பின் அடிப்படை விதி. உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்திருக்கும்.

என் வகுப்பில் பீடி சுற்றும் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். தகடு வைத்து இலை நறுக்குவதைப் பார்த்து வளர்ந்தவள். ராக்கெட் இறக்கைக்கும் ஒரு தகடு வெட்டி வைத்துக்கொண்டாள். நான்கு இறக்கைகளும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவு! மற்றவர்களுடையதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தபோது அவளுடையது மட்டும் நேராகப் போனது. வீட்டுத் தொழிலின் நுட்பம் பொறியியலுக்குள் வந்து உட்கார்ந்ததை அன்று பார்த்தேன். சூளையில் நெருப்பையும் காற்றையும் பார்த்து வளரும் உங்கள் பிள்ளைகளிடமும் அப்படி எவ்வளவோ இருக்கும். அதைக் கேளுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக இஸ்ரோ 2019 முதல் ‘யுவிகா’ என்ற பயிற்சியை நடத்துகிறது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் தேர்வில் சேரும். ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பதற்கென்றே தனி மதிப்பெண் உண்டு. பயணம், தங்குமிடம், உணவுச் செலவு இஸ்ரோவுடையது. விண்ணப்பத் தேதி தெரியாமல் போவதால்தான் நம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பூக்கட்டிப் பிழைக்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஏரோநாட்டிக்கல் என்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்தால்தான் நடக்கும் என்கிறார்கள் உறவினர்கள். கம்மலை அடகு வைக்கட்டுமா? – ஒரு தாய், மதுரை மாவட்டம்

பதில்: வைக்காதீர்கள் தங்கச்சி, தயவுசெய்து வைக்காதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும். பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் கம்மலும் போகும், இந்த உரிமையும் போகும். மாற்றச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் கணக்கில் வரும்.

பதினொன்றாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஏரோநாட்டிக்கல் இருக்கிறது. கலாம் படித்த இடம், இஸ்ரோ தலைவராக இருந்த கே.சிவனும் அங்கேதான் படித்தார். அந்த இடம் கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரானிக்ஸ் எடுக்கட்டும். இஸ்ரோ அதிகம் எடுப்பது அந்தப் பிரிவுகளில்தான்.

பெண்பிள்ளைக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், உங்கள் மாவட்டத்துத் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளைக் காட்டுங்கள். நாடு முழுவதும் 75 பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து செய்த ‘ஆசாதிசாட்’ செயற்கைக்கோளில் அவர்கள் கைவேலையும் இருந்தது. 2022 ஆகஸ்டில் ராக்கெட் சரியான பாதையை எட்டாததால் அது வீணாயிற்று. திரும்பச் செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறேன். விண்வெளித் துறை இனி எனக்கு இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – மாணவர், விழுப்புரம்

பதில்: தம்பி, சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் உங்கள் ஊர்க்காரர், ரயில்வே தொழிலாளியின் மகன். அவர் தொடங்கியதும் டிப்ளமோவில்தான். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ படித்து வேலைக்குப் போனவர். 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார், பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் (மிகக் கடுங்குளிர்) பொறியியல் படித்தார். உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். அல்லது முதல் வகுப்பில் தேறி, இஸ்ரோவின் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் தேர்வு எழுதலாம். எதுவானாலும் என்ஜினியரிங் டிராயிங்கை இப்போதே கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கணிதத்தில் தொகையீடு தடுமாறுகிறது என்றால் மறுபடி எழுதுங்கள், எந்தக் கணக்கில் நிற்கிறீர்கள் என்று குறிப்பிட்டு.