ஏ பொசிட்டிவ் அப்பா, பி பொசிட்டிவ் அம்மா, பிள்ளைக்கு ஓ நெகட்டிவ்வா?

நடக்கும் தம்பி, தாராளமாக நடக்கும். நீங்கள் ஏ பொசிட்டிவ், மனைவி பி பொசிட்டிவ், மகளுக்கு ஓ நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததும் வெள்ளவத்தையில் உள்ள மாமிமார் எல்லாம் குசுகுசுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கதையை முதலில் விடுங்கள்.

இரத்த வகைக்கு அப்பாவிடமிருந்து ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். ஓ ஒடுங்கிப்போகிற ரகம், பக்கத்தில் ஏயோ பியோ இருந்தால் வெளியே தெரியவே தெரியாது, அதனால் ரிப்போர்ட்டில் ஏ என்று இருக்கும் நீங்கள் உள்ளே ஏ-ஓ, மனைவி பி-ஓ. இருவரும் அந்த ஓவைக் கொடுத்தால் பிள்ளை ஓ. அதற்கு வாய்ப்பு 4இல் 1. நெகட்டிவ்வும் இதே மாதிரி ஒளிந்துதான் வரும், அதுவும் 4இல் 1. ஏ, பி, ஓ மரபணு 9ஆம் நிறப்புரியில் (குரோமோசோமில்), பொசிட்டிவ் நெகட்டிவ்வுக்கானது 1ஆம் நிறப்புரியில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, அதனால் பெருக்கினால் 16இல் 1. குறைவுதான், ஆனால் அதிசயம் இல்லை.

உங்கள் அம்மா அப்பாவில் ஒருவர் ஓ என்றால் நீங்கள் நிச்சயம் ஏ-ஓ, கேட்டுப் பாருங்கள். உங்களில் ஒருவர் ஏபி என்றால்தான் மறுபடி பரிசோதிக்கச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் ஒன்று, மகளின் ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். நாளைக்கு அவள் கர்ப்பமாகும்போது, கணவர் பொசிட்டிவ் என்றால், பொசிட்டிவ் குழந்தையின் இரத்தத்தை அவள் உடம்பு எதிர்க்கப் பழகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படும்.